ரோஸியின் மீதிக் கதை

நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் குடும்பம் நடத்தி, அப்படியே மறைந்தும் போனார் ஒரு பெண். மலையாளத்தின் முதல் திரைப்படமான 'விகதகுமாரன்' கதாநாயகி பி.கே.ரோஸி அவர்தான். படத்தை எடுத்த ஜே.சி.டேனியலும் குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். ஆக, இது நம் கதையும்தான்.

ரோஸி புலையர் சமூகத்தவர். காக்கரிசி நாடகத்தில் ஆடிப் பாடியவர். பெண்கள் மேடையேறினாலே பழி சொன்ன காலத்தில் கேமரா முன்னால் நின்றார். அதுவும் சரோஜினி என்ற நாயர் பெண்ணாக! திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் நடந்த முதல் காட்சியில் உட்கார அவருக்கு இடமில்லை. அவர் தலையில் சூடிய பூவைக் கதாநாயகன் தொடும் காட்சி வந்ததும் திரை மீது கல் பறந்தது. அவரது குடிசைக்குத் தீ வைத்தார்கள். லாரி ஒன்றில் ஏறித் தப்பியவர், அதன் ஓட்டுநர் கேசவ பிள்ளையையே மணந்து நாகர்கோவிலில் தங்கிவிட்டார்.

படச்சுருள் இன்று இல்லை. ரோஸி தன் கைப்பட எழுதி வைத்ததும் ஏதுமில்லை. குடிசை எரிந்த இரவில் அவர் எதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார் என்று எந்த ஆவணக் காப்பகம் சொல்லும்? அந்த இடத்தில் நாவல்தான் நுழைய முடியும். வினு ஆபிரகாம் 2008-ல் மலையாளத்தில் 'நஷ்ட நாயிகா' எழுதினார். ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. கல்லூரி மாணவிகள் தேடிப் படிக்க வேண்டிய நூல் அது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொல்லவில்லை நாம். அந்த நாவலையும் அடிப்படையாகக் கொண்டு 2013-ல் வந்த 'செல்லுலாய்டு' படத்தில் டேனியல்தான் நாயகன். ரோஸி கூனிக் குறுகி, சொன்னதற்கெல்லாம் தலையாட்டுபவராக வருகிறார். தலித் பெண் எழுத்தாளர்கள் அப்போதே இதைக் கண்டித்தார்கள். நமக்கும் அதே கேள்வி உண்டு. அவ்வளவு பயந்த பெண்ணா அந்தக் காலத்தில் சினிமாவில் நடிக்க வந்திருப்பார்?

ஜான்சியின் ஜல்காரிபாயைப் பாருங்கள். கோரி சமூகத்தவர். 1858-ல் ராணியைப் போலவே வேடமிட்டு ஆங்கிலேயரைத் திசைதிருப்பியவராகப் போற்றப்படுபவர். பிருந்தாவன்லால் வர்மா 1946-ல் எழுதிய நாவலில் அவர் லட்சுமிபாயின் நிழல். பின்னாளில் தலித் எழுத்தாளர் மோகன்தாஸ் நைமிஷராய் எழுதியபோது அவரே நாயகி. 2001-ல் தபால்தலையும் வந்தது. பெண் ஒருத்திதான், பேனா மாறியதும் அவர் நிற்கும் இடமும் மாறிவிட்டது.

இன்னொன்றையும் நம் பிள்ளைகளிடம் சொல்லியாக வேண்டும். நாவலில் வரும் வசனத்தை அப்படியே எடுத்து 'வரலாறு' என்று வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். அந்த ஒரு வரி கற்பனை என்று காட்டி, நடந்த கல்வீச்சையும் தீவைப்பையும் சேர்த்துப் பொய் என்று சொல்ல ஆட்கள் காத்திருக்கிறார்கள். பதிவானது எது, எழுத்தாளர் கற்பித்தது எது என்று பென்சிலால் கோடிட்டுப் படியுங்கள்.

ரோஸியின் திருவனந்தபுரத்து நாட்களை மலையாளிகள் எழுதிவிட்டார்கள். பழைய பெயரைப் பேசாமல் நாகர்கோவிலில் அவர் வாழ்ந்த நீண்ட ஆண்டுகள் இருக்கின்றனவே, அந்தப் பாதி இங்கே, தமிழில் எழுதப்பட வேண்டியது. அதை நம் பெண்களில் ஒருவர் எழுதட்டும்.