குறை கையில் இல்லை, காலில்

பெத்தாங் திடலில் ஒருவருடைய குண்டு தொடர்ந்து இடப்பக்கமே விலகிப் போனால் போதும், சுற்றி நிற்கிற எல்லோரும் டாக்டராகிவிடுகிறார்கள். "மணிக்கட்டைத் திருப்புங்க." "வேகம் பத்தல." "குண்டு கனம் ஜாஸ்தி, மாத்துங்க." கடைசியில் ஒரு பையன் வந்து, "தாத்தா, வயசாயிடுச்சு, உட்கார்ந்து பாருங்களேன்" என்பான். இந்தக் கடைசி வைத்தியத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் சொல்லின் பூர்வீகத்தைக் கிளறும் பழக்கம் எனக்கு உண்டு. பெத்தாங் என்பது பாரீஸ் பிரெஞ்சு அல்ல. தென் பிரான்சின் பிரொவான்ஸ் பேச்சு. 'கால்', 'ஊன்றியது' என்ற இரண்டு சொற்கள் ஒட்டி வந்த பெயர். அதற்கு முன்பு அங்கே ஆடிய பழைய ஆட்டத்தில், அடிப்பவர் மூன்று எட்டு ஓடிவந்து குண்டை விடவேண்டும். லா சியோத்தா ஊரில் ழூல் லெனுவார் என்பவருக்கு முடக்குவாதம், ஓட முடியவில்லை. அவருக்காகத்தான் சுமார் 1910 வாக்கில் தூரத்தைக் குறைத்து, வட்டத்துக்குள் நின்றபடியே வீசும் ஆட்டம் பிறந்தது. ஓட முடியாதவருக்காகப் பிறந்த ஆட்டத்திலிருந்து முட்டிவலிக்காரரை வீட்டுக்கு அனுப்புவது என்ன நியாயம்?

சரி, குண்டு ஏன் இடப்பக்கம் போகிறது? வலக்கைக்காரரை வைத்துச் சொல்கிறேன். பலர் வட்டத்துக்குள் இரண்டு பாதத்தையும் சமமாக வைத்து, ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கிறார்கள். அப்படி நின்றால் வலது தொடை கையின் வழியை மறிக்கிறது. கை பின்னால் போகும்போதே வெளியே ஒதுங்குகிறது. ஒதுங்கிப் போன கை முன்னால் வரும்போது நெஞ்சுக்குக் குறுக்கே, இடப்பக்கமாகத்தான் வரும். இதற்கு மணிக்கட்டைத் திருப்பி என்ன பயன்? குண்டு பக்கவாட்டில் சுழன்று, சரளையில் பட்டதும் இன்னொரு கோணலாக ஓடும், அவ்வளவுதான். கனம் மாற்றுவதும் அப்படியே. விதிப்படி குண்டு 650 முதல் 800 கிராம் வரை இருக்கலாம். 720 கிராமில் கோணலாகப் போனது, காசு கொடுத்து வாங்கிய 650 கிராமிலும் அதே கோணலில் போகும்.

வலது பாதத்தை நாலு விரற்கடை முன்னால் வையுங்கள். கட்டைவிரல் குறிக்குண்டைப் பார்க்கட்டும். இடது பாதம் சற்றுப் பின்னால், கொஞ்சம் வெளிநோக்கி. உடம்பின் பாரம் வலது காலில் இருந்தால் கை தொடைக்கு வெளியே கிணற்று வாளிக் கயிறு போலத் தொங்கும். முழங்காலை விறைக்க வேண்டாம். உள்ளங்கை கீழ்நோக்கி, விரல்கள் சேர்ந்து. கண் குறிக்குண்டின் மேல் வேண்டாம், குண்டு விழவேண்டிய இடத்தின் மேல் இருக்கட்டும்.

குண்டு இல்லாமல் வெறுங்கையை நாலு தடவை ஆட்டிப் பாருங்கள். கை வேட்டியில் உரசினால் பாதம் இன்னும் சரியில்லை. குண்டு தரையில் படும்வரை கால் எழும்பக்கூடாது என்று விதியே சொல்கிறது. விட்ட கையோடு இடப்பக்கம் தள்ளாடி வட்டத்தை விட்டு வெளியே வருகிறவர், தன் நோயைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், ஓய்வு பெற்ற டீச்சர், 74 வயது. மூவர் அணியில் இனி இடமில்லை என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் திடல் பக்கமே வரவில்லை. அவர் பாதத்தை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. வயதை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். அழைத்துவந்து மூன்று மாலை நிற்க மட்டும் பழகினோம். ஏழு மீட்டரில் இப்போது குண்டு நேராகப் போகிறது. பத்து மீட்டருக்குக் கை எட்டவில்லை, அது உண்மைதான். ஆனால் அவரை நீக்கச் சொன்ன காரணம் தூரம் அல்ல, கோணல்.

குனிந்து பொறுக்க முடியாததால் நூலில் கட்டிய காந்தத்தால் குண்டை எடுக்கிறார். அதற்கும் சில இளவட்டங்கள் சிரிக்கிறார்கள். அக்கா போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் காந்தத்தோடுதான் வந்தார், இந்த ஞாயிறும் வருவார்.