காத்திருந்ததற்கும் வட்டி

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனி, நான் சேர்ந்த மூன்றாவது வருடம் திவாலானது. பெயர் வேண்டாம். ஒரு திங்கட்கிழமை காலை உள்ளே போகும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் உத்தரவு. நாங்கள் பத்துப் பதினைந்து பேர் டீ கப்பும் கையுமாக நின்று அதைப் படித்தோம். பாதி புரியவில்லை. புரிந்தவரையில் விஷயம் இதுதான்: இன்றிலிருந்து இந்தக் கம்பெனிமேல் யாரும் புதிதாக வழக்குப் போட முடியாது. நடக்கிற வழக்கும் நிற்கும். கடன் கொடுத்தவர் வந்து சொத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

பிறகு வீட்டுக்குப் போய் 2016ல் வந்த திவால் சட்டத்தை எடுத்துப் படித்தேன். உத்தரவு வந்த தேதியில் பாக்கி எவ்வளவோ அதுதான் கணக்கு. கடன் கொடுத்தவர்கள் குழுவாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். மீட்புத் திட்டத்துக்கு 66 சதவீத வாக்கு கிடைத்துத் தீர்ப்பாயமும் ஒப்புக்கொண்டால், 'எனக்கு இஷ்டமில்லை' என்பவரையும் அது கட்டுப்படுத்தும். இதற்கெல்லாம் 180 நாள், நீட்டித்தால் 270, வழக்கு வம்பு எல்லாம் சேர்த்து 330 நாள். நடைமுறையில் இழுத்தடிக்கிறார்கள், தெரியும். என்னுடைய இரண்டு மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. ஆனாலும், கம்பெனி என்கிற அந்த உயிரில்லாத சமாச்சாரத்துக்கு மூச்சுவிட அவகாசம் தரவேண்டும் என்று ஒரு சட்டமாவது இருக்கிறது.

இரண்டு கோடி மனிதர்கள் வாழ்கிற ஒரு நாட்டுக்கு அது கிடையாது. நான் சண்டை போட வந்திருப்பது அதற்காகத்தான்.

*

சாம்பியாவை எடுத்துக்கொள்வோம். தெற்கு ஆப்பிரிக்காவில், கடலே இல்லாத, செம்பை விற்றுப் பிழைக்கும் நாடு. 2012ல் முதல்முறையாகச் சர்வதேசச் சந்தையில் 75 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. அதை வாங்கப் பல மடங்கு பணம் வரிசையில் நின்றது. ஸ்பெயின் அன்றைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த வட்டியைவிடக் குறைந்த வட்டிக்குச் சாம்பியாவுக்குக் கிடைத்தது. ருசி கண்ட பூனை ஆகிவிட்டது அரசு. 2014ல் 100 கோடி, 2015ல் 125 கோடி. இன்னொரு பக்கம் சாலை, விமான நிலையம், மின்நிலையம் என்று சீன வங்கிகளிடமும் கடன். செம்பின் விலை விழுந்தது. அப்புறம் கொரோனா. 2020 நவம்பர் 13 அன்று, 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல் சாம்பியா கைவிரித்தது.

அதே நவம்பர் 13 அன்றுதான், ஜி20 நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடி, ஏழை நாடுகளின் கடனை ஒழுங்காக, சீக்கிரமாகத் தீர்க்க 'பொதுச் சட்டகம்' என்று ஒன்றை அறிவித்தார்கள். பெரிய கடன்காரர்களெல்லாம் ஒரே மேசையில் உட்காருவார்களாம். சாம்பியா இரண்டே மாதத்தில் அதில் விண்ணப்பித்தது. சரி, எவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்று பாருங்கள்.

கடன் கொடுத்த அரசுகளின் குழு, சீனாவும் பிரான்சும் தலைமை வகிக்க, 2022 ஜூனில்தான் முதல்முறை கூடியது. அரசுகளோடு ஒப்பந்தம் 2023 ஜூனில். தனியார் பத்திரதாரர்களோடு அந்த இலையுதிர்காலத்தில் ஓர் உடன்பாடு வந்தது. 'எங்களுக்குக் கிடைத்ததைவிட அவர்களுக்கு அதிகம் போகிறது' என்று சொல்லி, அரசுகளின் குழு 2023 நவம்பரில் அதை நிராகரித்தது. திரும்பப் பேசி, பத்திரம் கைமாறியது 2024 ஜூனில். மூன்றரை வருடம். என் பழைய கம்பெனிக்குச் சட்டம் கொடுத்த உச்சகட்டக் கெடு 330 நாள்.

*

கல்லூரியில் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் 'டெட்லாக்' என்று ஒன்று வரும். ஒருவர் கையிலிருப்பதற்காக இன்னொருவர் காத்திருப்பார். அவர் இவர் கையிலிருப்பதற்காகக் காத்திருப்பார். யாரும் நகர முடியாது. சாம்பியா விவகாரத்தை முதலில் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கடன் கொடுத்த அரசுகள் உறுதிமொழி தராமல் சர்வதேச நாணய நிதியம் பணம் தராது. பத்திரதாரர்கள் சமமாக நஷ்டப்படுவார்கள் என்று தெரியாமல் அரசுகள் விட்டுக்கொடுக்காது. அரசுகள் என்ன செய்கின்றன என்று பார்க்காமல் பத்திரதாரர்கள் கையெழுத்துப் போடமாட்டார்கள். சீனா ஒருபடி மேலே போய், உலக வங்கியும் நஷ்டத்தில் பங்கெடுக்கட்டும் என்றது. சீனா தன் ஒப்பந்தங்களை மூடி மறைக்கிறது என்று மேற்கு நாடுகள் சொல்லின. 'சிக்கலான பிரச்சினை, யார்மேலும் தப்பில்லை' என்று நானும் கொஞ்ச நாள் நம்பினேன்.

அது தப்பு. டெட்லாக்கில் மாட்டிக்கொண்ட எல்லாருமே பட்டினி கிடப்பார்கள். இங்கே காத்திருப்பின் செலவு ஒரே ஒருவர் தலையில்தான் விழுகிறது. கட்டாமல் நின்ற வருடங்களுக்கான வட்டி எங்கேயும் போகவில்லை. பத்திரதாரர்கள் கடைசியில் பேரம் பேசியபோது 300 கோடி டாலர் முதலோடு அந்த நிலுவை வட்டியையும் சேர்த்துத்தான் கணக்குச் சொன்னார்கள். அதாவது, அவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்துக்கும் மீட்டர் ஓடியது. மீட்டருக்குப் பணம் கட்டுவது பின்சீட்டில் உட்கார்ந்திருந்த சாம்பியா. தாமதத்தால் தனக்கு நஷ்டமில்லை என்று தெரிந்த எவன் அவசரப்படுவான்?

இதற்கிடையில் அந்த நாட்டில் என்ன நடந்தது? எரிபொருள் மானியம் போனது. 2023 அக்டோபரில் தொடங்கிய காலரா, அடுத்த சில மாதங்களில் 700க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. குழு அந்த உடன்பாட்டை நிராகரித்ததும் அதே மாதங்களில்தான். கடன்தான் காலராவைக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன், அது பொய்யாகிவிடும். குடிநீருக்கும் கழிவுநீருக்கும் பணம் தேவைப்பட்ட நாடு, எந்தப் பணம் தன்னுடையது என்றே தெரியாமல் காத்திருந்தது என்று மட்டும் சொல்வேன். 2024 பிப்ரவரியில் வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்தார்கள். கரிபா அணையில் தண்ணீர் இறங்கி, நாடு முழுக்க மின்வெட்டு.

*

ஒப்பந்தம் வந்ததும் செய்திகளில் எல்லாம் 'கடன் நிவாரணம்', 'கடன் மன்னிப்பு' என்று எழுதினார்கள். மன்னிப்பு என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது. 2023ல் அரசுகள் செய்த ஒப்பந்தத்தில் 630 கோடி டாலர் அடங்கும். அதில் 410 கோடி சீனாவின் எக்சிம் வங்கிக்குச் சேரவேண்டியது. அசலில் ஒரு டாலரைக்கூடத் தள்ளுபடி செய்யவில்லை. தவணையை 2043 வரை நீட்டினார்கள், 2037 வரை ஒரு சதவீத வட்டி என்றார்கள். சரி, அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: நாட்டின் கடன் தாங்கும் திறன் ஒரு படி உயர்ந்ததாக மதிப்பிடப்பட்டால், வட்டி நான்கு சதவீதம் வரை போகும், தவணையும் வேகமாகும். தேறினால் வட்டி கூடும் என்பதை எழுத்தில் வைத்திருக்கிறார்கள். நல்ல காலத்தில் பங்கு கேட்பவர்கள், மழை பொய்த்த வருடத்தில் பாதிச் சுமையைத் தூக்க முன்வந்தார்களா?

நிஜமான தள்ளுபடி என்ன செய்யும் என்பதற்கும் சாம்பியாவே சாட்சி. 2005ல் ஏழை நாடுகளுக்கான கடன் குறைப்புத் திட்டத்தை அது முடித்தது. அப்போதும் அதைத் தொடர்ந்த வருடத்திலும் வெளிநாட்டுக் கடனின் பெரும்பகுதி நிஜமாகவே அழிக்கப்பட்டது. 2006 ஏப்ரலில் கிராமப்புற அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். ஒரு தாய் காய்ச்சலடிக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காசில்லாமல் உள்ளே போகலாம். கடன் நிவாரணம் என்றால் எனக்கு அந்தக் கதவு திறந்ததுதான்.

சட்டம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் அதே சாம்பியாதான் உதாரணம். 1979ல் டிராக்டர் வாங்குவதற்காக ருமேனியா அதற்குக் கடன் கொடுத்திருந்தது. 1999ல் அந்தப் பாக்கி சுமார் 3 கோடி டாலர். டொனிகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் அதைச் சுமார் 33 லட்சம் டாலருக்கு, அடிமாட்டு விலைக்கு, வாங்கியது. பிறகு லண்டன் நீதிமன்றத்தில் 5.5 கோடி கேட்டு வழக்குப் போட்டது. 2007ல் சுமார் 1.5 கோடி டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. மற்றவர்கள் விட்டுக்கொடுத்த பணத்தை ஒருவர் வந்து அள்ளிக்கொண்டு போனார். இந்த அசிங்கத்துக்குப் பிறகுதான் 2010ல் பிரிட்டன், அந்தப் பழைய திட்டத்தில் வந்த நாடுகளின் பழைய கடன்களுக்கு மட்டும் இப்படி வழக்குப் போட்டு முழுசாகக் கறக்க முடியாது என்று சட்டம் போட்டது. மனசு வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம்?

*

இதைச் சொல்லும்போதெல்லாம் என் டீமில் ஒரு நண்பன் கேட்பான்: "எல்லாம் சரி மச்சான், வாங்குனவன் கட்டணும்ல? ஆட்டம் போட்டது அவனுங்க கவர்மென்ட்டு. இப்ப தள்ளுபடி பண்ணா நாளைக்கு எவன் கட்டுவான்?"

ஆட்டம் போட்டார்கள், உண்மை. அந்த ஆட்சியாளர்களைச் சாம்பிய மக்கள் 2021 தேர்தலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கடன் கொடுத்தவர்களில் யாரை யார் வீட்டுக்கு அனுப்பினார்கள்? திரும்ப வராமல் போகலாம் என்பதற்காகத்தானே ஏழை நாட்டிடம் கூடுதல் வட்டி வாங்குகிறோம்? அந்த ஆபத்துக்கு வருஷா வருஷம் விலை வாங்கிக்கொண்டு, ஆபத்து நிஜமாகவே வரும்போது 'அதெல்லாம் எனக்குத் தெரியாது' என்றால் என்ன நியாயம்? தப்பாகக் கொடுத்தவனுக்கும் வலித்தால்தான் அடுத்தமுறை பார்த்துக் கொடுப்பான்.

தள்ளுபடி செய்தால் யாரும் கடன் தர மாட்டார்கள் என்பதும் பொய். 2005ல் கடன் அழிந்த சாம்பியாவுக்கு, ஏழே வருடத்தில் சந்தை வரிசையில் நின்று பணம் கொடுத்தது. ஜெர்மனியைப் பாருங்கள். 1953 பிப்ரவரி 27 அன்று லண்டனில் மேற்கு ஜெர்மனியின் கடனை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். அந்நாடு ஏற்றுமதியில் சம்பாதித்துக் கட்ட முடிகிற அளவுக்குத் தவணை வைத்தார்கள். கையெழுத்துப் போட்ட கடன்காரர்களில் கிரீஸும் உண்டு. போர் முடிந்து எட்டு வருடம்கூட ஆகவில்லை. அந்த நாட்டுக்கு அதன்பின் யாரும் கடன் தராமல் போனார்களா?

2014 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில், நாடுகளின் கடனை மறுசீரமைக்க ஒரு சட்டக் கட்டமைப்பு வேண்டும் என்று தீர்மானம் வந்தது. 124 நாடுகள் ஆதரவு, 11 எதிர்ப்பு, 41 நடுநிலை. எதிர்த்த பதினொன்றில் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் இருக்கின்றன. ஜெர்மனியும் இருக்கிறது. நான் அந்த வாக்குப் பட்டியலை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

*

இதுவரை படித்துவிட்டு, 'பணக்கார நாடுகளே இப்படித்தான்' என்று நாம் தாளை மடித்து வைத்துவிடலாம். முடியாது. ஏனென்றால் இப்போது நாமும் அந்த மேசையில், கொடுத்தவர் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம்.

2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. அந்த செப்டம்பரிலேயே சர்வதேச நாணய நிதியத்தோடு அதிகாரிகள் மட்டத்தில் உடன்பாடு ஆகிவிட்டது. ஆனால் கடன் கொடுத்த அரசுகளின் உறுதிமொழிக் கடிதங்கள் வரவேண்டும். 2023 ஜனவரியில் முதல் கடிதம் கொடுத்தது இந்தியா. அதற்காகப் பெருமைப்படலாம், நான் பெருமைப்பட்டேன். கடைசியாகச் சீனாவின் கடிதம் வந்தபோது மார்ச் ஆகிவிட்டது. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் தலைமை வகித்த குழுவோடு இலங்கை கையெழுத்திட்டது 2024 ஜூனில். இடையே 2023ல், உள்நாட்டுக் கடனையும் தொடவேண்டும் என்று வெளிநாட்டுப் பத்திரதாரர்கள் கேட்க, ஊழியர் சேமலாப நிதியத்திடம் இருந்த அரசுப் பத்திரங்கள் நீண்டகால, குறைந்த வட்டிப் பத்திரங்களாக மாற்றப்பட்டன. வங்கிகளிடம் இருந்த கருவூலப் பத்திரங்களைத் தொடவில்லை. அந்த நிதியத்தில் கொழும்பு அலுவலக ஊழியரின் பணமும் இருக்கிறது, ஹட்டனில் கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழ்ப் பெண்ணின் பணமும் இருக்கிறது. எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாத கை அது.

1958ல் உலக வங்கி கூட்டிய கூட்டத்தில் நமக்குக் கடன் கொடுத்தவர்களின் முன்னால் உட்கார்ந்திருந்த நாடு இந்தியா. 1991ல் தங்கத்தை விமானத்தில் ஏற்றி அனுப்பி அடகு வைத்த நாடு. அந்தப் பக்கத்து நாற்காலி எப்படிக் குத்தும் என்று நமக்குத் தெரியும். அதனால் நான் கேட்பது தர்மம் இல்லை. நம் கம்பெனிகளுக்கு நாம் ஏற்கெனவே கொடுத்திருக்கும் நான்கே நான்கு விஷயம்: விண்ணப்பித்த அன்றே வட்டிக் கணக்கு நிற்கவேண்டும். பேச்சுவார்த்தைக்குக் கெடு வேண்டும். பெரும்பான்மை ஒப்புக்கொண்டால் மற்றவரையும், அரசானாலும் தனியாரானாலும், அது கட்டுப்படுத்தவேண்டும். பேச்சு நடக்கும்போது லண்டனிலோ நியூயார்க்கிலோ யாரும் வழக்குப் போட முடியக் கூடாது.

இதில் முதலாவதை மட்டும் செய்து பாருங்கள். காத்திருக்கும் நாளுக்கு வட்டி இல்லை என்று ஆகட்டும். மூன்றரை வருட 'சிக்கலான பிரச்சினை' எத்தனை வாரத்தில் தீர்கிறது என்று அப்புறம் பேசுவோம்.