கீழ்பவானி அணை: வயலுக்கு வந்த வாழ்வும், காட்டுக்கு வந்த சோதனையும்

வீட்டில் அரிசி குறைவு. பிள்ளைகள் இரண்டு பேர். தாய் என்ன செய்வாள்? இன்று மூத்தவனுக்குச் சோறு, இளையவனுக்குக் கூழ். நாளை இளையவனுக்குச் சோறு, மூத்தவனுக்குக் கூழ்.

கொங்கு நாட்டில் ஓர் அணை இப்படித்தான் தண்ணீரைப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. அதுதான் பவானிசாகர். கீழ்பவானி அணை என்றும் சொல்வார்கள்.

மண்ணால் கட்டிய மலை

நாடு சுதந்திரம் அடைந்த மறு ஆண்டு, 1948-ல் இந்த அணையின் வேலை தொடங்கியது. 1955-ல் முடிந்தது. பவானி ஆறும் மாயாறும் கூடும் இடத்துக்குக் கீழே அணை நிற்கிறது. நீளம் 8 கிலோமீட்டருக்கும் அதிகம். பெரும் பகுதி மண் கரைதான்.

நீர்மட்டத்தின் அளவு 105 அடி. கொள்ளளவு 32.8 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி.

அணையில் இருந்து ஒரு பெரிய வாய்க்கால் புறப்படுகிறது. ஈரோடு, திருப்பூர், கரூர் ஆகிய 3 மாவட்டங்களின் வழியாக அது சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. அதை நம்பி இருக்கும் நிலம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர்!

ஒரு பாதி நெல், மறு பாதி கடலை

அத்தனை நிலத்துக்கும் ஒரே சமயத்தில் நெல்லுக்குத் தண்ணீர் விட முடியாது. ஆகவே நிலத்தை இரண்டு பாதியாகப் பிரித்தார்கள்.

வழக்கமாக ஆகஸ்டு 15-ந் தேதி முதல் டிசம்பர் வரை ஒரு பாதிக்குத் தண்ணீர். அங்கே நெல் விளையும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மறு பாதிக்குத் தண்ணீர். அதுவும் விட்டு விட்டுத்தான் வரும். அங்கே நிலக்கடலை, எள் போன்ற புஞ்சைப் பயிர்கள். அடுத்த ஆண்டு முறை மாறும்.

மழையை நம்பிக் கிடந்த மேட்டு நிலத்தில் நெல் விளைந்தது. குடும்பங்கள் தலை நிமிர்ந்தன. இதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் பழைய பாசனத்துக்கும் பங்கு உண்டு. கொடிவேரி அணைக்கட்டில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும், காலிங்கராயன் வாய்க்காலும் பல நூற்றாண்டு காலமாக ஓடுகின்றன. அவற்றை நம்பி 40 ஆயிரம் ஏக்கர் இருக்கிறது. இது போதாது என்று நகரங்களின் குடிநீர்த் தேவையும் பெருகிவிட்டது. பானை ஒன்றுதான். கை நீட்டுகிறவர்கள் கூடிவிட்டார்கள்!

கசிவது வீணா?

வாய்க்காலும் மண் வாய்க்கால். தண்ணீர் கசியும். மதகுகளும் கரைகளும் பழசாகி விட்டன. கடைமடை விவசாயிக்குத் தண்ணீர் போய்ச் சேருவது பெரும்பாடு.

வாய்க்காலைச் சீரமைக்க 2020-ல் சர்க்கார் 709 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. கான்கிரீட் போடுவதும் அதில் ஒன்று. உடனே விவசாயிகள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள்.

"கான்கிரீட் போட்டால்தான் எங்களுக்குத் தண்ணீர் வரும்" என்றார்கள் கடைமடைக்காரர்கள்.

"கசிவு நின்றால் எங்கள் கிணறு வற்றும், தென்னை காயும், குடிதண்ணீரும் போகும்" என்றார்கள் வாய்க்கால் ஓரத்துக்காரர்கள்.

2023-ல் இது பெரிய போராட்டமாக மூண்டது. யார் சொல்வது நியாயம்? இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான்! ஒருவன் வயலுக்கு வராத தண்ணீர், இன்னொருவன் கிணற்றில் ஊறுகிறது. பலவீனமான கரையைப் பலப்படுத்த வேண்டும். மதகுகளைப் பழுது பார்க்க வேண்டும். எந்த மதகில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை எல்லோரும் அறியும்படி அளந்து சொல்ல வேண்டும். கணக்கு தெரிந்தால் சண்டை பாதி குறையும்.

யானைக்கும் இதுதான் குளம்

அணையின் மறு கரையில் காடு. 2013-ல் சத்தியமங்கலம் காடு புலிகள் காப்பகம் ஆயிற்று. பரப்பு சுமார் 1,408 சதுர கிலோமீட்டர்.

அணை நிரம்பியபோது ஆற்றோரத் தாழ்நிலம் தண்ணீருக்குள் போயிற்று. தணாயக்கன் கோட்டையும் அதில் மூழ்கியது. தண்ணீர் மிகவும் வற்றும் காலத்தில் அங்குள்ள பழைய கோவில் வெளியே தெரியும். அந்தத் தாழ்நிலத்தில் மேய்ந்து வந்த விலங்குகளுக்கு வழி சுருங்கியது.

ஆனால் வேறொன்றும் நடந்தது. கோடையில் காட்டு ஓடைகள் வற்றும்போது, யானைக் கூட்டம் அணைக்கு வந்து தண்ணீர் குடிக்கிறது. நீர் வடிந்த இடத்தில் முளைக்கும் புல்லை மேய்கிறது. பக்கத்திலேயே வாழையும் கரும்பும் மக்காச்சோளமும் நின்றால் யானை சும்மா போகுமா? ஒரே இரவில் ஓர் ஆண்டு உழைப்பு போய்விடும். விவசாயி தூக்கம் விழித்துக் காவல் காக்கிறான். சிலர் வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். அதில் யானையும் சாகிறது, சில சமயம் மனிதனும் சாகிறான்.

சீமைக் கருவேலம் இன்னொரு தொல்லை. மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் அணை ஓரத்திலும் அது புதராக மண்டிவிட்டது. அதன் அடியில் புல் முளைப்பது அரிது. புல் இல்லாவிட்டால் மானும் யானையும் எங்கே போகும்? வயலுக்குத்தான் வரும்!

காடு காத்தால் அணை நிற்கும்

காட்டைக் காப்பது யானைக்காக மட்டும் என்று நினைக்கக் கூடாது. பவானியும் மாயாறும் மலைக்காட்டில் இருந்து வருகின்றன. அங்கே மரமும் புல்லும் இருந்தால் மழைநீர் மண்ணில் ஊறி மெல்ல இறங்கும். காடு அழிந்தால் மண் கரைந்து வந்து அணையை நிரப்பும். மண் நிரம்பிய இடத்தில் தண்ணீருக்கு இடம் ஏது?

ஆகவே கருவேலத்தை அகற்றி அங்கே புல்லை வளர்க்க வேண்டும். யானை நீருக்கு வரும் வழியை அடைக்கக் கூடாது. பயிர் இழந்த விவசாயிக்கு நஷ்டஈடு தாமதம் இல்லாமல் கிடைக்க வேண்டும். பணம் கையில் வந்தால், மின்சார வேலியைத் தேடி அவன் ஏன் போகிறான்?

மேலே காடு, நடுவே அணை, கீழே வயல். மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை. மேல் முடிச்சு அவிழ்ந்தால், கடைமடையில் காய்வது நம் வீட்டுச் சோற்றுப் பானைதான்!