முதலில் படகுத்துறை!

கன்னியாகுமரிக் கடலில் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலைப் பாறையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. நீளம் 77 மீட்டர். செலவு 37 கோடி ரூபாய். வேண்டிய பாலம்தான். கடல் உள்வாங்கினால் சிலைப் பாறையைப் படகு நெருங்க முடியாது. சிலையைக் காண வந்த ஜனங்கள் ஏமாந்து திரும்பிய நாட்கள் அநேகம். அந்தக் குறை தீர்ந்ததை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் பாலத்தின் இரு முனைகளும் கடலுக்குள்ளேயே இருக்கின்றன. கரையிலிருந்து அங்கே போக இன்றும் படகுதான் வழி.

அந்தப் படகில் போகிறவர்கள் யார்? கீரிப்பாறை ரப்பர் காட்டில் விடியுமுன் பால் வெட்டும் தொழிலாளி, நாஞ்சில் நாட்டு வயலில் நாற்று நடும் பெண், நூற்பாலைத் தொழிலாளி ஆகியோரும்தான். வருஷத்தில் ஒரு நாள் பிள்ளைகளோடு குமரிக்கு வருகிறார்கள். கூடுதல் பணம் கொடுப்பவருக்குச் சிறப்பு வரிசை உண்டு. இவர்களுக்கு மணிக்கணக்கில் காத்திருப்பு. வரிசை நீளும்போதுதான் "இன்னும் பத்துப் பேரை ஏற்று" என்ற நெருக்கடி பிறக்கிறது. அபாயமும் அங்கேதான் பிறக்கிறது.

1984 முதல் இப்படகுகளை நடத்துவது பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். இது சர்க்கார் நிறுவனம். அப்படியே இருக்க வேண்டும். ஆனால் சர்க்கார் படகு என்பதாலேயே உயிருக்கு உத்தரவாதம் கிடைத்துவிடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் கவிழ்ந்தது கேரள சர்க்காரின் சுற்றுலாக் கழகப் படகு. 45 பேர் மாண்டார்கள். 2023 மே 7 அன்று தானூரில் கவிழ்ந்தது தனியார் படகு. 22 பேர் மாண்டார்கள். இரண்டிலும் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். விபத்துக்குப் பிறகு விசாரணை வந்தது. விசாரணை போன உயிரைத் திருப்பித் தருமா?

அலையோடு படகு ஏறி இறங்குகிறது. துறையின் கல்படி அசைவதில்லை. இரண்டுக்கும் நடுவே காலை வைக்கும் கிழவியும், கைக்குழந்தையோடு இறங்கும் தாயும் படகுத் தொழிலாளியின் கையைப் பிடித்துத்தான் தப்புகிறார்கள். பாறைத் துறைக்கு 37 கோடிப் பாலம் எந்தப் பாதுகாப்பையும் தந்துவிடவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது பாறையில் இருந்த பிரயாணிகள் கரை திரும்ப வழியின்றி அகப்பட்டுக்கொண்டார்கள். அதையும் மறக்கலாகாது.

ஆகவே நாம் கோருகிறோம்: கரையிலும் பாறையிலும் அலையை மறிக்கத் தூண்டில் வளைவு வேண்டும். நீரோடு ஏறி இறங்கும் மிதவை மேடை வேண்டும். ஒவ்வொரு படகிலும் எத்தனை பேர் ஏறலாம் என்பதைத் துறையிலேயே பெரிய எழுத்தில் எழுதி, எண்ணி ஏற்ற வேண்டும். குழந்தைகளின் அளவுக்கும் மிதவை உடுப்பு வேண்டும். கடல் நிலை சரியில்லை என்று படகோட்டி சொன்னால், அவர் சொல்லே முடிவாக வேண்டும். எந்த உத்தியோகஸ்தரும் அதை மீறலாகாது. படகுத் தொழிலாளிக்கு நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் வேண்டும். வேலை போய்விடும் என்று அஞ்சுகிறவன் எப்படி மறுத்துப் பேசுவான்?

திட்டம் போடும்போது மீனவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். இந்தக் கடலின் போக்கு அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

பாலம் பார்வைக்கு அழகு. படகுத்துறை உயிருக்குக் காவல். முதலில் காவல்! தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் மீனவர்களோடு சேர்ந்து இதைக் கேட்டுப் பெற வேண்டும்.