கோணலாக இருந்தாலும் குழந்தை செய்ததே பரிசு!

பக்கத்து வீட்டில் பிறந்த நாள். "சாயங்காலம் வா" என்று தோழி கூப்பிட்டு விட்டுப் போகிறாள்.

குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கிறது. அதுவோ மாதக் கடைசி. பரிசு வாங்கக் காசு இல்லை.

"வெறுங்கையோடு எப்படிப் போவது? காய்ச்சல் என்று சொல்லி விடு" என்கிறாள் தாய்.

அன்று அந்தக் குழந்தை இரண்டு பாடங்களைப் படித்து விடுகிறது. காசு இல்லாதவர் விருந்துக்குப் போகக்கூடாது என்பது ஒன்று. மானத்தைக் காக்கப் பொய் சொல்லலாம் என்பது மற்றொன்று.

இரண்டுமே வேண்டாத பாடங்கள். வீட்டில் கிடக்கும் பழைய காகிதத்தைக் கொண்டே இவற்றைத் தடுத்து விடலாம்!

கந்தலில் பிறந்த காகிதம்

காகிதம் மட்டமான பொருள் அல்ல. கி.பி. 105-ம் ஆண்டில் சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி, காகிதம் செய்யும் முறையைச் சக்கரவர்த்தியிடம் தெரிவித்தார் என்று சீன வரலாறு கூறுகிறது.

அவர் எதைக் கொண்டு செய்தார்? மரப்பட்டை, கந்தல் துணி, பழைய மீன் வலை!

வேண்டாம் என்று எறிந்த பொருளில் இருந்து, உலகத்துக்கே வேண்டிய பொருள் வந்தது. அதே போன்ற வேலையை 5 வயதுக் குழந்தையும் செய்யலாம்.

எப்படிச் செய்வது?

பழைய கலியாணப் பத்திரிகை இல்லாத வீடு இல்லை. அதன் எழுத்து இல்லாத பக்கம் வெளியே தெரியும்படி இரண்டாக மடிக்க வேண்டும். வாழ்த்து அட்டை தயார்.

அதன் மேல் ஒரு பூவையோ, பொங்கல் பானையையோ குழந்தை பென்சிலால் வரையட்டும். பிறகு வண்ணக் காகிதத்தைக் கையாலேயே நகம் அளவுக்குக் கிழிக்கட்டும். கத்தரிக்கோல் தேவை இல்லை. அந்தத் துண்டுகளைக் கோட்டுக்குள் நெருக்கமாக ஒட்டினால் படம் முடிந்தது.

பசைக்கும் கடைக்குப் போக வேண்டாம். ஆறிய சோற்றுப் பருக்கைகளை விரலால் மசித்தால் போதும்.

உள்ளே குழந்தை தன் கையால் ஒரு வரி எழுத வேண்டும். எழுதத் தெரியாத குழந்தை, தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டால் போதும்.

"கொடு இங்கே!"

இந்த இடத்தில்தான் பெரியவர்கள் தவறு செய்கிறார்கள். பானை கோணலாக இருக்கிறது என்று, "கொடு இங்கே" என வாங்கி நேராக்கி விடுகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் செய்து வரச் சொல்லும் பொருளுக்கும் இதே கதைதான். அப்பா செய்கிறார், பிள்ளை தூக்கிக்கொண்டு போகிறான்.

நேராக்கிய உடனே அது குழந்தையின் பரிசு அல்ல. "எனக்கு ஒன்றும் செய்ய வராது" என்ற எண்ணமும் குழந்தையின் மனதில் விழுந்து விடுகிறது.

பக்கத்தில் உட்காருவதும், கேட்டால் சொல்லித் தருவதும், பிளேடு, ஊசி போன்றவற்றை எட்டாமல் வைப்பதும் பெரியவர் வேலை. மற்றது குழந்தையின் வேலை.

மருந்துக் காகிதத்தில் கொக்கு

"காகிதம்தானே! நாளைக்குக் குப்பைக்குப் போகும்" என்பார்கள் சிலர். காகிதத்தின் மதிப்பு அதைச் செய்த கையில் இருக்கிறது. ஜப்பானியச் சிறுமி ஒருத்தியின் கதையே அதற்குச் சான்று.

1945-ம் ஆண்டு ஹிரோஷிமா நகரில் அணுகுண்டு விழுந்தபோது, சடாகோ சசாகிக்கு 2 வயது. 1955-ல் அவள் ரத்தப் புற்று நோயால் ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஆயிரம் காகிதக் கொக்குகள் செய்தால் நினைத்தது நடக்கும் என்பது அந்த நாட்டு நம்பிக்கை. மருந்து சுற்றி வந்த காகிதத்தில் கூட அவள் கொக்கு மடித்தாள். அந்த ஆண்டே, 12 வயதில் இறந்து போனாள்.

அவளையும், குண்டுக்குப் பலியான மற்றக் குழந்தைகளையும் நினைத்து 1958-ல் ஹிரோஷிமாவில் ஒரு சின்னம் எழுந்தது. பல நாட்டுக் குழந்தைகள் இன்றும் அங்கே காகிதக் கொக்குகளை அனுப்புகிறார்கள். அவற்றைக் குப்பை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

வாங்குகிறவர் கடமை

விருந்து வைக்கும் வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. "என்ன வாங்கி வந்தாய்?" என்று எந்தக் குழந்தையையும் கேட்கக்கூடாது. பெரிய பொட்டலத்தை மேஜை மேல் வைத்து விட்டு, காகித அட்டையை மூலையில் போடக்கூடாது. எல்லோரும் பார்க்கும்படி சுவரில் ஒட்ட வேண்டும். "நீயே செய்தாயா?" என்று ஒரு வார்த்தை கேட்டால், குழந்தையின் முகம் மலர்ந்து விடும்.

வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளும் இப்படிச் செய்து கொடுக்க வேண்டும். ஏழைக் குழந்தை மட்டும் காகித அட்டை கொண்டு வந்தால், அது ஏழையின் பரிசு ஆகி விடும். எல்லாக் குழந்தைகளும் கொண்டு வந்தால், அதுவே ஊர் வழக்கம் ஆகி விடும்.