பத்தாவதோட நின்னவங்களையும் கூப்பிடுங்க

முழுப் பரீட்சை முடிஞ்சு லீவு விட்டதும் ஊருக்கு ஊர் ஃபிளெக்ஸ் ஏறிடுது. "முன்னாள் மாணவர்கள் சந்திப்பு". நடுவுல பள்ளிக்கூடக் கட்டடம், ஓரத்துல அமைப்புக் குழுன்னு பதினஞ்சு பாஸ்போர்ட் சைஸ் முகம். நம்ம டைம்லைன் முழுக்க அதே டி-ஷர்ட், அதே கேக், அதே குரூப் போட்டோ. நல்ல விஷயம்தான். குறை சொல்ல வரல.

ஆனா நண்பர்களே, அடுத்த தடவை அப்படி ஒரு போட்டோ கண்ணுல பட்டா தலையை எண்ணிப் பாருங்க. அரசுப் பள்ளி பேட்ச்னா பத்தாவதுல ரெண்டு செக்‌ஷன், எப்படியும் எண்பது தொண்ணூறு பேர் இருந்திருப்பாங்க. போட்டோவுல முப்பது பேர் நிப்பாங்க. அதுல பொண்ணுங்க நாலஞ்சு பேர் இருந்தா பெரிய விஷயம். மிச்சம் பேர் எங்க போனாங்க?

நான் படிச்சது தர்மபுரி பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. 2014-ல பத்தாவது, 2016-ல ப்ளஸ் டூ. எங்க வாட்ஸ்அப் குரூப்ல 38 பேர். பெங்களூர்ல வேலை பார்க்கிறவங்க ஆரம்பிச்ச குரூப். முதல் பிளான் ஏற்காடு ரிசார்ட், தலைக்கு 2,500 ரூபாய், டி-ஷர்ட் தனி. தம்ஸ் அப் மேல தம்ஸ் அப் விழுந்துச்சு. ஒருத்தன் மட்டும் "லீவு கிடைக்காதுடா, நீங்க போயிட்டு வாங்க"ன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டான். அவன் போர்வெல் ரிக் வண்டியில போறவன். வருஷத்துல பாதி நாள் வெளி மாநிலம். ஆனா அந்த மாசம் அவன் ஊர்லதான் இருந்தான். லீவு பிரச்சினை இல்லைன்னு எல்லாருக்கும் புரிஞ்சது. யாரும் வாயைத் திறக்கல.

அங்கதான் எங்க குரூப்ல சண்டை ஆரம்பிச்சது. நல்ல சண்டை. "பேட்ச்னா யாரு?" ப்ளஸ் டூ முடிச்சவங்க மட்டுமா, ஆறாவதுல இருந்து கூட உட்கார்ந்தவங்க எல்லாருமா? பத்தாவது ஃபெயிலாகி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவன், பதினொண்ணாவது பாதியில கல்யாணம் பண்ணி அனுப்பப்பட்ட பொண்ணு, இவங்கெல்லாம் நம்ம பேட்ச் இல்லையா? ஃபீஸ் கட்டுற வசதி வந்தவங்க மட்டும் கூடுறதுக்குப் பேரு பள்ளிக்கூட சந்திப்பு இல்ல, அது கிளப்.

நம்ம ஐடி விங் தம்பிகளுக்கு ஒண்ணு சொல்றேன். தேர்தல் வந்தா ஒரு பூத்துல ஆயிரம் ஓட்டு. யார் குடி மாறிட்டாங்க, யார் இறந்துட்டாங்க, யார் வெளியூர்ல இருக்காங்கன்னு வாக்காளர் பட்டியலைக் கையில வெச்சுக்கிட்டு வீடு வீடா ஏறி டிக் அடிக்கிறோம். அந்த வேலை தெரிஞ்ச நமக்குக் கூடப் படிச்ச தொண்ணூறு பேரைத் தேட முடியாதா? எங்க பேட்ச்ல அதே முறையைத்தான் பண்ணோம். பழைய டீச்சர் ஒருத்தர் ஞாபகத்துல இருந்தும், யாரோ வெச்சிருந்த பத்தாவது ஹால்ல எடுத்த போட்டோவுல இருந்தும் பேர் எழுதினோம். தெருவாரியா பிரிச்சோம். ஒரு தெருவுக்கு ஒருத்தர் பொறுப்பு.

பசங்களைப் புடிக்கிறது சுலபம். டீக்கடையில கேட்டா நம்பர் கிடைச்சிடும். பொண்ணுங்க விஷயத்துலதான் உண்மையான கஷ்டம். கல்யாணம் ஆனதும் ஊர் மாறுது, நம்பர் மாறுது, இனிஷியல்கூட மாறுது. ஃபேஸ்புக்ல தேடினா வர மாட்டாங்க. அம்மா வீட்டுக்குப் போய்க் கேட்டா "நீ யாருப்பா? எதுக்கு அவ நம்பர்?"னு ஒரு பார்வை. அந்தப் பார்வையிலயும் தப்பு சொல்ல முடியாது. அதனால கூப்பிடுற வேலையைக் கூடப் படிச்ச ரெண்டு பொண்ணுங்களே எடுத்துக்கிட்டாங்க. முதல் கேள்வி யார் யார் வர்றாங்கன்னு இல்லையாம். "எத்தனை மணிக்கு முடியும்? குழந்தையைக் கூட்டிட்டு வரலாமா?" இதுதானாம். அந்த ரெண்டு கேள்விக்குப் பதில் இல்லாத சந்திப்புக்கு அவங்க வர மாட்டாங்க. நாம "பொண்ணுங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்லைடா"ன்னு சொல்லிக்குவோம்.

ரிசார்ட் கேன்சல். ஞாயித்துக்கிழமை, எங்க ஸ்கூல்லயே, தலைமை ஆசிரியர்கிட்ட அனுமதி வாங்கி. காலையில பத்து மணி, சாயங்காலம் மூணு மணிக்கு முடிவு, டவுன் பஸ் புடிச்சு இருட்டுறதுக்குள்ள வீடு போகலாம். 2021 மே மாசத்துல இருந்து டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் இல்ல, அந்தச் செலவும் மிச்சம். சாப்பாடு தலைக்கு 200 ரூபாய், முடியாதவங்க கொடுக்க வேணாம், யார் கொடுத்தா யார் கொடுக்கலன்னு லிஸ்ட் குரூப்ல போடக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் ரொம்ப முக்கியம். 61 பேர் வந்தாங்க. ரிக் வண்டிக்காரன் காலையிலயே வந்து பந்தல் கட்டிக்கிட்டு இருந்தான்.

இன்னொரு விஷயம். பேசச் சங்கடமானது, ஆனா பேசியே ஆகணும். சில ஊர்ல அமைப்புக் குழுவுல இருக்கிற பதினஞ்சு பேரும் ஒரே தெருக்காரங்களா இருப்பாங்க. அழைப்பும் அந்தத் தெருவைத் தாண்டாது. அதுக்கு ஏன் பள்ளிக்கூடம் பேரு? சொந்தக்காரங்க கூட்டம்னே போட்டுக்கலாமே. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள்ளயே புகுந்து வெட்டினது கூடப் படிச்ச பசங்கதான். அதுக்கப்புறம் ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டு, 2024 ஜூன்ல அறிக்கை வந்தது. மாணவர்கள் கையில கலர் கயிறு கட்டுறதைத் தடுக்கணும்னு அதுல பரிந்துரை இருக்கு. படிக்கிற பசங்க கயிறை அவிழ்க்கணும்னு சொல்ற நாம, முப்பது வயசுல தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் வெச்சிருந்தா பசங்க எதைப் பார்த்துக் கத்துக்குவாங்க?

அப்புறம் நன்கொடை. பீரோ, கடிகாரம், ஸ்மார்ட் டிவி கொடுத்து அதுல பேட்ச் பேரைப் பெருசா எழுதறது. கொடுங்க, தப்பில்ல. ஆனா கொடுக்கிறதுக்கு முன்னாடி என்ன வேணும்னு கேளுங்க. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெற்றோர். 2024-ல நம்ம மாநிலத்துல குழுவைத் திருத்தி அமைச்சப்போ முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தாங்க. அந்தக் கூட்டத்துல போய் உட்கார்ந்தா டாய்லெட்ல தண்ணி வருதா, சாயங்காலம் ஸ்கூல் விடுற நேரத்துக்கு பஸ் வருதான்னு தெரியும். எங்க ஸ்கூல்ல கேட்டது கடிகாரம் இல்ல, மோட்டார் ரிப்பேர். 9,000 ரூபாய்ல முடிஞ்சது.

சாப்பாட்டுக்கு அப்புறம் பேச்சுவாக்குல ஒரு பொண்ணு சொன்னா, பத்தாவதுல கணக்கு ஒண்ணுதான் போச்சு, அதனால அங்கன்வாடி வேலைக்குக்கூட அப்ளிகேஷன் போட முடியலன்னு. தனித்தேர்வரா இப்பவும் எழுதலாம்னு அவளுக்கு யாரும் சொல்லவே இல்ல. பதினோரு வருஷமா! அரசுத் தேர்வுகள் சேவை மையத்துல விண்ணப்பம் போடணும், அவ்வளவுதான். ஒரே சிக்கல், 2019-20-லயே பாடத்திட்டம் மாறிடுச்சு, பழைய புத்தகம் உதவாது. எங்க பேட்ச்ல பி.எட். முடிச்ச ஒருத்தி இருக்கா. குழந்தைங்க தூங்கினதும் ராத்திரி ஒன்பதரைக்கு வீடியோ கால்ல பாடம் ஓடுது. இப்போ இன்னும் மூணு பேர் சேர்ந்துட்டாங்க, அதுல ஒருத்தன் திருப்பூர்ல நைட் ஷிப்டு இல்லாத வாரம் மட்டும் வர்றான். "உறவுகளும் சார்புகளும்" முடிஞ்சது, அடுத்தது "எண்களும் தொடர்வரிசைகளும்".