காட்டிக்கொடுத்தவளும் மனுஷிதான்

ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ 1953இல் வெளிவந்த நாவல். புத்தகங்களைக் கொளுத்துவதே தீயணைப்புத் துறையின் வேலையாகிப்போன ஒரு நாட்டில், திருட்டுத்தனமாகப் படிக்கத் தொடங்கும் தீயணைப்பு வீரன் மாண்டாக்கை அவன் மனைவி மில்ட்ரெட்டே காட்டிக்கொடுக்கிறாள். அவளை வெறுப்பது எளிது. ஆனால் அவள் எப்படி அறிமுகமாகிறாள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு புட்டித் தூக்க மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாகக் கிடக்கிறாள். காப்பாற்ற வருபவர்கள் மருத்துவர்கள்கூட இல்லை. வயிற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு இரண்டு பணியாளர்கள். ஓர் இரவுக்கு ஒன்பது பத்து வீடுகள் இப்படி என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். விடிந்ததும் அவளுக்கு எதுவும் நினைவில்லை. சொன்னாலும் நம்ப மறுக்கிறாள். காதில் சிறு வானொலி, மூன்று சுவர்களில் திரை, நான்காவது சுவருக்கும் ஆசை. அந்த இரைச்சல் நின்றால் தன் துக்கம் கேட்டுவிடுமே என்ற பயம்தான் அவளை ஆட்டுவிக்கிறது என்று நான் வாசிக்கிறேன். மாண்டாக்குக்காவது மனத்தைக் கலைத்துவிடப் பக்கத்து வீட்டுப் பெண் கிளாரிஸ் கிடைத்தாள். மில்ட்ரெட்டிடம் நின்று பேச யாருமே வரவில்லை. அவள் செய்தது துரோகம், மறுக்கவில்லை. ஆனால் அவளைச் சபித்துவிட்டு நகரும் வாசகர், அந்த அரசு மனிதர்களை என்ன செய்தது என்பதையே பார்க்காமல் போகிறார். பிரான்சுவா த்ரூஃபோ இதைப் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். இந்த நாவலை வைத்து 1966இல் அவர் எடுத்த படத்தில் மனைவி, கிளாரிஸ் இரண்டு வேடங்களையும் ஜூலி கிறிஸ்டிக்கே கொடுத்தார்.